கீர்த்தனா வீட்டை ஒழுங்கு பண்ணின வாரம்

நாலு வயசுப் பிள்ளைக்கு ஒழுங்கு கத்துக்கொடுக்கிறது பட்டாசு கொளுத்தற மாதிரி. பத்த வைக்கிறது நம்ம கை, வெடிக்கிறது அடுத்தவங்க ஊட்ல. புதுவாயல் பக்கத்துல பால்வாடி டீச்சரா பதினொரு வருசமா குப்பை கொட்டறேன். என்னை மாதிரி மாட்டிக்கினு முழிக்கிறவங்களுக்கு இது நல்லாவே புரியும். போன ஆடி மாசம் 'வீட்டைச் சுத்தமா வைக்கணும்'னு பிள்ளைங்களுக்குப் பாடம் ஆரம்பிச்சேன். சும்மா இருந்திருக்கலாம்.

ஜோடி சேர்த்தது

"செருப்பை ஜோடியா, வரிசையா வைக்கணும்"னு சொன்னேன். மத்த பிள்ளைங்க வீட்டுக்குப் போறதுக்குள்ள மறந்துடுச்சுங்க. கீர்த்தனா மறக்கல. அவ இருக்கிறது லைன் வீடு. ஒரே வரிசையில எட்டுக் குடும்பம், ஆம்பளைங்க எல்லாரும் கம்பெனி வேலை. எட்டு வாசல்லயும் கிடந்த கறுப்பு சேஃப்டி ஷூவை எல்லாம் காலங்காத்தால இழுத்துக்கினு வந்து சுவரோரமா அடுக்கிட்டா. எல்லாம் பார்க்க ஒரே மாதிரி. கம்பெனி பஸ் ஹாரன் அடிக்க, கையில கிடைச்சதை மாட்டிக்கினு ஓடியிருக்காங்க.

மறுநாள் கீர்த்தனாவோட பக்கத்து ஊட்டம்மா என்னை வழியில நிறுத்தினாங்க. சண்டைக்குத்தான் வராங்கன்னு நினைச்சேன். அந்தம்மா நிதானமா சொன்னாங்க: "எங்க ஊட்டுக்காரரு வலது கால்ல எட்டாம் நம்பரு, இடது கால்ல பத்தாம் நம்பரு போட்டுக்கினு ஷிப்ட் பூரா நின்னாரு டீச்சர். அடுத்த பாடம் இன்னான்னு முன்னாடியே சொல்லிடுங்க."

கீழே கிடந்தது

அடுத்த பாடம் குப்பைத் தொட்டி. "கீழ கிடக்கிற காகிதம், பிளாஸ்டிக்கு எல்லாம் தொட்டியில போடணும்." இதுல இன்னாங்க தப்பு?

கீர்த்தனா அப்பா மூர்த்தி ஒரு இரும்புக் கம்பெனியில காண்டிராக்ட் ஆளு, நைட் ஷிப்ட். காலையில வந்ததும் கழுத்துல மாட்டின, போட்டோ ஒட்டின கேட் பாஸைக் கழட்டித் தலைமாட்டுல தரையில வச்சுட்டுப் படுத்துடுவாரு. அன்னிக்கு மத்தியானம் கீர்த்தனா அம்மா செல்வி பால்வாடிக்கு ஓடி வந்தா. பாஸைக் காணோம். பிள்ளையைக் கேட்டா, "கீழ கிடந்துச்சு, தொட்டில போட்டேன்"னு பெருமையா சொல்லுது. குப்பை வண்டி ஒன்பது மணிக்கே வந்து அள்ளிக்கினு போயிடுச்சு.

"சாயந்திரம் கம்பெனி பஸ் வர்றதுக்குள்ள கிடைக்கலேன்னா வேற ஆளைப் போட்டுடுவாங்க டீச்சர்"ன்னா. போன மாசம்தான் ஒருத்தரை அப்படி நிறுத்தினாங்களாம். ஒரு குடும்பத்தோட சோத்துல மண்ணைப் போட்டுட்டேனேன்னு இருந்துச்சு. ஆயாகிட்ட பிள்ளைங்களை விட்டுட்டு, பஞ்சாயத்துல குப்பை பிரிக்கிற ஷெட்டுக்கு ரெண்டு பேரும் ஓடினோம். அங்க வேலை பாக்கற ராணியக்கா, எங்க மூஞ்சியைப் பார்த்ததுமே இடுப்புல செருகியிருந்த பாஸை எடுத்து நீட்டினாங்க. செல்வி அப்படியே உக்காந்து அழுதுட்டா. ராணியக்கா சொன்னாங்க: "மூஞ்சி இருக்கிற பிளாஸ்டிக்கை எப்படிம்மா மூட்டையில போட்டுக் கட்டறது?"

எல்லாத்துக்கும் ஒரு இடம்

ஞாயித்துக்கிழமை மன்னிப்புக் கேக்க அவங்க ஊட்டுக்குப் போனேன். பத்துக்குப் பத்துல ஒரே ரூம். அடுப்பு, துணி, பாத்திரம் எல்லாம் அதுக்குள்ளயே. நடுவுல பாயில மூர்த்தி தூங்கறாரு. எனக்கு வாய் சும்மா இருக்குமா? "எழுந்ததும் பாயைச் சுருட்டணும்னு அடுத்த வாரம் சொல்லித்தரப் போறேன் செல்வி"ன்னேன். "எப்பச் சுருட்டறது டீச்சர்? நாங்க எழுந்திருக்கசொல்ல அவரு வந்து படுக்கறாரு, அவரு கெளம்பினா நாங்க படுக்கறோம்"ன்னா.

கீர்த்தனாவைத் தேடினேன். கேஸ் சிலிண்டருக்கும் சுவருக்கும் நடுவுல, முட்டியைக் கட்டிக்கினு, சத்தமே இல்லாம உக்காந்திருந்தா. என்னைப் பார்த்ததும், தூங்கற அப்பாவைக் காட்டி, பேசாதீங்கன்னு உதட்டுல விரலை வச்சா. பிள்ளை ஏன் அங்க இருக்குன்னு செல்விகிட்ட கேட்டேன். செல்வி வெள்ளந்தியா சிரிச்சா: "எல்லாத்துக்கும் ஒரு இடம் இருக்கணும்னு நீங்கதானே சொல்லித்தந்தீங்க, அது அவ இடமாம் டீச்சர்."

இப்ப அந்தப் பாடத்தை ஓரங்கட்டிட்டு, பால்வாடி பூரா பொம்மையை இறைச்சுப் போட்டு ஆட்டம் போடத்தான் சொல்லித்தரேன், அதை மட்டும் கீர்த்தனா இன்னும் கத்துக்கல.