எட்டு சிலிண்டர் காரின் நடுக்கம்

பிள்ளைகளே, போன கிழமை சாப்பிடும்போது நீங்கள் இரண்டு பேரும் என்னிடம் கேட்டீர்கள், "அப்பா, அந்தச் சிவப்புக் கார் ஏன் உங்கட கராஜிலயே நிக்குது? அந்த மாமா ஏன் இப்ப ஓடுறேல்ல?" என்று. நான் "அது ஏதோ பிழை" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். பிழை எதில் என்று எனக்கே சரியாகத் தெரியாதபோது உங்களுக்கு என்ன சொல்வது? எழுதிப் பார்த்தால் எனக்கும் கொஞ்சம் விளங்கும் என்று நினைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் அம்மாவிடம் காட்டித் திருத்துங்கள்.

அந்த மாமாவை நான் அண்ணை என்றுதான் கூப்பிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் பக்கத்து ஊர். டுசல்டோர்ஃபில் ஒரு பெரிய களஞ்சியத்தில் பாரம் தூக்கும் வண்டி ஓட்டுகிறார். அந்தக் கார் அவரை விட இரண்டு மூன்று வயது இளையது. அமெரிக்கக் கார், எட்டு சிலிண்டர். ஸ்டார்ட் பண்ணினால் கராஜ் கண்ணாடி அதிரும். அக்காவுக்கு, அதுதான் அவருடைய மனைவிக்கு, அந்தச் சத்தம் பிடிக்காது. ஆனாலும் கோயிலுக்கு அதில்தான் வருவார். முன்சீட்டில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ராணி மாதிரி இருப்பார்.

ஒரு சனிக்கிழமை அண்ணையும் அக்காவும் காரைக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமைகளில் கராஜ் முதலாளி எனக்குக் காரைத் தூக்கும் லிஃப்டைத் தருவார், உங்களுக்குத் தெரியும்.

"தம்பி, ஸ்டியரிங் நடுங்குது. கையைப் போட்டு ஆட்டுது. எஞ்சின்தான் பாலன்ஸ் இல்லாமல் சுத்துது எண்டு நினைக்கிறன்."

"எந்த வேகத்தில, அண்ணை?"

"எல்லா வேகத்திலயும்தான். நிக்கேக்கையும் நடுங்குது."

அவர் தேத்தண்ணி குடிக்க மேலே போன நேரம் அக்கா என் பக்கத்தில் வந்தார். குரலை நன்றாகக் குறைத்துக்கொண்டார்.

"தம்பி, வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ. கார் நடுங்குதோ, இவற்ற கை நடுங்குதோ? வீட்டிலயும் தேத்தண்ணி சிந்துது. கேட்டா கோப்பை சரியில்லையாம். நரம்பு டொக்டரிட்ட எவ்வளவு கஷ்டப்பட்டு நாள் குறிச்சு ஒரு டெர்மின் எடுத்து வைச்சிருக்கிறன். கார்தான் நடுங்குது, நான் ஏன் போகோணும் எண்டு நிக்கிறார். நீங்கள் சொன்னால்தான் கேப்பார்."

சொல்லிவிட்டு அக்கா ட்ராமில் வீட்டுக்குப் போய்விட்டார். கார் திருத்தச் சொன்னால் திருத்தலாம். இது என்ன வேலை?

முதலில் காரை நான் ஓட்டிப் பார்த்தேன். நடுங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் நடுங்குகிறது என்று ஒருவர் சொல்லிவிட்ட காரை ஓட்டினால் எல்லாருக்கும் நடுங்கும். பழைய எட்டு சிலிண்டர் வேறு, அதற்கென்று ஒரு ஆட்டம் இருக்கிறது. எது அதன் குணம், எது நோய் வருத்தம்?

இதற்கு ஒரு வழிமுறை இருக்கிறது. காரை நிறுத்தி, கியர் போடாமல், எஞ்சினை மட்டும் வேகமாக ஓட விட வேண்டும். அப்போதும் நடுக்கம் வந்தால் பிழை எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் வந்தால் சில்லுப் பக்கம். செய்து பார்த்தேன். கொஞ்சம் வந்தது. வந்ததா? சீட்டில் கையை வைத்தால் வந்தது, கதவில் வைத்தால் இல்லை. சில்லுகளைக் கழற்றி பாலன்ஸ் மெஷினில் போட்டேன், சரி. எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைப் பார்த்தேன், நல்ல ரப்பர். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட விட்டேன், மாற்றமில்லை.

அண்ணை பக்கத்திலே கதிரை போட்டு இருந்தார். கைகளை ஜாக்கெட் பைக்குள் வைத்திருந்தார்.

"என்ன தம்பி, பிடிச்சிட்டீரோ? இல்லாட்டி டயர் மட்டும்தான் மாத்தத் தெரியுமோ?"

"பொறுங்கோ அண்ணை, பிழை எஞ்சினுக்குள்ள இருந்து கதைக்காதே."

"கதைக்குது. உமக்குத்தான் காது கேக்கேல்ல."

கடைசியில், முதல் சிலிண்டரில் பொறி விழும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட்டை எடுத்தேன். எஞ்சினின் முன்பக்கம், கீழே, பாலன்சர் என்று பாரமான ஒரு இரும்பு வட்டு சுற்றும். எஞ்சினின் ஆட்டத்தை அதுதான் குடிக்கும். அது இரண்டு வளையம், நடுவில் ரப்பர். அதன் விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். மெக்கானிக்மார் அந்த வெட்டில் வெள்ளைப் பெயின்ட் தொட்டு வைப்பார்கள். லைட் மின்னும்போது, சுற்றுகிற வட்டில் அந்த வெள்ளை மட்டும் அசையாமல் நிற்பது போலத் தெரியும்.

வெள்ளைப் புள்ளி தெரிந்தது. நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு தூரத்தில் நின்றது. பொறி விழும் டைமிங் அவ்வளவு தள்ளி இருந்தால் எஞ்சின் ஓடவே ஓடாது, இதுவோ நன்றாக ஓடுகிறது. அப்படியென்றால் ரப்பர் செத்து, வெளி வளையம் வழுக்கித் திரும்பியிருக்கிறது. பாலன்ஸ் போய்விட்டது.

"அண்ணை, கார்தான்!" என்று கத்தினேன்.

அவர் எழும்பி வந்து என் தோளைக் கட்டிப் பிடித்தார். ஜாக்கெட்டிலிருந்து வெளியே வந்த கை என் முதுகில் படபடவென்று ஆடியது. சந்தோஷத்தில் ஆடுகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன் போல. அங்கேயே அக்காவுக்குப் போன் எடுத்தார்.

"கேட்டீரே? கார்தானாம்! அந்த டெர்மினை வேண்டாமெண்டு சொல்லும். வருத்தக்காரர் ஆருக்கும் உதவட்டும்."

அக்கா சொன்னது எனக்குக் கேட்கவில்லை.

புதிய பாலன்சர் வந்தபிறகு, அடுத்த சனிக்கிழமை பழையதைக் கழற்றத் தொடங்கினேன். கழற்றுமுன் துணியால் ஒரு தரம் துடைத்தேன். வெள்ளைப் புள்ளி துணியோடு வந்துவிட்டது. பெயின்ட் அப்படி வராது. விரலில் தேய்த்தேன், தூளாகப் போனது. மூக்கருகே கொண்டுபோனேன். எண்ணெய் நாற்றத்துக்குள்ளே சந்தன வாசம்.

அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"ஓம் தம்பி, சரஸ்வதி பூசைக்கு வைச்சனான். திருநீறும் சந்தனமும் குழைச்சு. ஸ்டியரிங்குக்கு, விளக்குக்கு, உள்ளுக்க அந்தப் பெரிய வட்டத்துக்கும் எட்டி வைச்சனான். ஒண்டுக்கு வைச்சு ஒண்டுக்கு விடலாமே? ஏன், கூடாதோ?"

"கூடும் அக்கா, கூடும்" என்றேன். வேறு என்ன சொல்ல?

ஊத்தையைச் சுரண்டினேன். உண்மையான வெட்டு கறுத்துப்போய் வேறிடத்தில் இருந்தது. பெல்ட்டை மாட்டி, வெட்டில் பெயின்ட் தொட்டு, லைட்டைப் பிடித்தேன். இருக்க வேண்டிய இடத்தில் அச்சொட்டாக நின்றது. ரப்பரில் பிழையில்லை. காற்று வடிகட்டியின் மூடியில் ஒரு ஒய்ரோக் காசுக் குற்றியை விளிம்பில் நிறுத்தினேன். எஞ்சின் ஓட ஓட அது விழாமல் நின்றது.

அப்படியானால் முதல் நாள் என் கைக்கு வந்தது என்ன? இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பின்னேரம் அண்ணை காரை எடுக்க வந்தார். திருத்தியாகிவிட்டது என்று நினைத்து வந்தவர். நான் சொன்னேன். பொட்டைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார், நன்றாகவே சிரித்தார்.

"என்ர மனிசி எஞ்சினுக்கும் பொட்டு வைச்சிட்டாளே!"

பிறகு சிரிப்பு நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சாளரத்துக்குள்ளே கையை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"இஞ்ச பாரும், நடுங்குதே."

நானும் மற்றப் பக்கத்தைப் பிடித்தேன். நடுங்கியதுதான். அவர் கையை எடுக்கச் சொன்னேன். எடுத்தார். ஸ்டியரிங் சும்மா இருந்தது.

"திரும்பிப் பிடிக்கட்டோ?"

"வேண்டாம் அண்ணை."

"எஞ்சினைத் திறந்து உள்ளுக்கயும் பாத்தால் என்ன? ஒருவேளை உள்ளுக்க..."

திறக்கலாம்தான். திறந்தால் டொக்டரிடம் போகாமலிருக்க அவருக்கு இன்னும் இரண்டு மூன்று மாதம் கிடைக்கும். எனக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. முதல் நாள் இருந்தே ஒன்றும் தெரியவில்லை. வாய் மட்டும் சொன்னது:

"முதல்ல டொக்டரிட்டப் போங்கோ, அண்ணை. அதுக்குப் பிறகும் நீங்கள் சொன்னால் திறப்பம்."

அவர் தன்னிடமிருந்த மற்றச் சாவியை எஞ்சின் மூடியின் மேல் வைத்தார். டெர்மின் திரும்பக் கிடைக்குமோ என்று கேட்டார். அதுவும் எனக்குத் தெரியாது. அக்கா திங்கட்கிழமை காலையிலேயே போன் எடுத்துக் கேட்கட்டும் என்றேன். தலையாட்டினார். ட்ராமில் போகிறேன் என்று வெளியே நடந்தார். கொண்டுபோய் விடட்டுமா என்று கேட்டதற்குக் கையை மட்டும் காட்டினார், பிறகு அந்தக் கையை உடனே பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் எஞ்சினை நிறுத்தினேன். காரைப் பின்சுவரோரம் தள்ளி விட்டேன். மூடியைத் திறந்து, கனநாள் நிற்கப்போகிற காருக்குச் செய்வது போல பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, அதன் நுனியை ஒரு சுத்தமான துணியால் சுற்றி, எதிலும் படாதபடி ஒரு பக்கமாகச் செருகி வைத்தேன்.