கிரேன் பாதையில் பிடிபட்ட புறாப்பேன்

புறாவின் பேன் மனிதன்மேல் ஏறினால் அவன் தலையில் குடித்தனம் நடத்தி, முட்டையிட்டு, ஒரே வாரத்தில் ஓசூர் தொழிற்பேட்டை முழுவதையும் சொறிய வைத்துவிடும் என்று நான் மனதார நம்பினேன். மெஷின் ஷாப் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் ஒருவர் நம்பக்கூடிய விஷயமா இது என்று கேட்காதீர்கள். பயம் வந்தால் டெசிக்னேஷன் கூட நிற்பதில்லை, அதுதான் முதலில் ஓடுகிறது.

பயந்ததோடு நின்றிருந்தால் என் தலையோடு போயிருக்கும். அந்தப் பயத்தால் தங்கை மகனின் காதுகுத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். அந்தத் தாய்மாமன் நான். வேறு ஸ்பேர் கிடையாது.

மேலே போனது

எங்கள் ஷாப்பின் கூரையை ஒட்டி ஓவர்ஹெட் கிரேன் ஓடுகிறது. அதன் தண்டவாளம் இரண்டு பக்கச் சுவரோரமும் நீளமாகப் போகும். மனிதர்கள் எப்போதாவது ஏறும் இடம் என்பதால் புறாக்கள் அதைத் தங்கள் பெயருக்குப் பட்டா மாற்றிக்கொண்டன. காலையில் கர்நாடகத்து அத்திப்பள்ளிப் பக்கம் போய் மேய்ந்துவிட்டு, சாயங்காலம் எல்லை தாண்டி எங்கள் ஷெட்டில் வந்து எச்சமிடும். அவற்றை எந்தச் செக்போஸ்ட்டிலும் நிறுத்துவதில்லை.

லோடு டெஸ்ட்டுக்கு முன்னால் தண்டவாளத்தைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. புதன்கிழமை கிரேனின் பவரை ஐசொலேட் செய்து பூட்டுப் போட்டுவிட்டு, பெல்ட் கட்டிக்கொண்டு நானும் ஃபிட்டர் ரபீக்கும் ஏறினோம். ரபீக் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். என்னைவிட இளையவன், ஆனால் கிண்டலில் சீனியர். முட்டையோ குஞ்சோ இல்லாத பழைய கூடுகளை மட்டும் எடுத்தோம். கூரைத் தகட்டின் சந்துக்குள்ளும் ஒரு கூடு இருந்தது. முழங்கை வரை கையைவிட்டு இழுத்தேன்.

இறங்கிய கொஞ்ச நேரத்தில் கை அரித்தது. கழுத்து அரித்தது. சட்டைக் கையைப் பார்த்தால், ஒல்லியாக, சீரகத்தில் பாதி நீளத்தில் ஒரு பூச்சி, எனக்கு முன்பே அங்கே டியூட்டியில் சேர்ந்ததுபோல் நடந்துகொண்டிருந்தது.

“ரபீக்! பேன்டா! புறாப்பேன்!”

“எங்கண்ணே?”

“என் மேலடா! தலைக்கு ஏறப்போகுது!”

அவன் என் வழுக்கையை நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தான். “அங்க குடியேறணும்னா அது வாடகைக்கு முடி எடுத்துட்டு வரணும்ணே.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரையே சிரிக்க வைப்பவனுக்கு இதுதான் தண்டனை. நிஜமாகவே கத்தினாலும் எல்லோரும் கைதட்டுகிறார்கள்.

பூச்சியை செலோ டேப்பில் ஒட்டி எடுத்து பாட்டிலுக்குள் போட்டேன். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கொதிநீரில் போட்டேன். மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கும் என்று தெருவில் மூன்று கடைகளில் கேட்டு, கிடைக்காமல், வேப்பெண்ணெயில் குளித்தேன். மனைவியும் பையனும் விசேஷ வேலைக்காக முன்னாடியே பர்கூரில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்கள். கண்ணாடியில் என்னைப் பார்த்தால் நாற்றமடிக்கும் வெண்கலச் சிலை போலிருந்தது. அரிப்பு மட்டும் நிற்கவில்லை.

தங்கைக்குப் போன்

வியாழக்கிழமை தங்கை மல்லிகாவுக்கு போன் செய்தேன்.

“அம்மிணி, ஞாயித்துக்கெழம நான் வரல. ஷட்டவுன் வேலை.”

“வெளையாடாதண்ணா. பந்தல்காரன் வந்திருக்கான், வையி.”

“வெளையாடல. நெசமா வர முடியாது.”

அவள் குரல் தணிந்து வந்தது. “அப்பா இல்லாத வீட்டுல எனக்குன்னு நீ ஒருத்தன். இவங்க வீட்டுல ஏற்கெனவே ‘உங்க பக்கத்துல ஆளு இருக்கா’ன்னு கேக்கறாங்க. கொழந்தைய யாரு மடில வெக்கச் சொல்ற? எங்க நாத்தனார் வூட்டுக்காரர் மடிலயா?”

உண்மையைச் சொல்லிவிட்டேன். புறாப்பேன், தொற்று, பால்குடிக் குழந்தை, மொட்டையடிக்கப்போகும் மெல்லிய தலை, எல்லாவற்றையும்.

“பேனா? உனக்கா?” என்றாள். “வராததுக்கு இதைவிட நல்ல பொய் கெடைக்கலியா?” என்று வைத்துவிட்டாள். திருப்பி அடித்தேன், எடுக்கவில்லை. நான் சொன்ன ஆயிரம் பொய்களை நம்பியவள், ஒரே ஒரு உண்மையை நம்பவில்லை.

லேப் ஜன்னல்

எங்கள் தொழிற்சாலையில் என்னவென்று தெரியாத எதுவும் கடைசியில் மெட்ராலஜி லேபுக்குத்தான் போகும். மைக்ரான் கணக்கில் அளக்கும் இடம், எப்போதும் ஏசி. அதன் இன்சார்ஜ் சவிதா மேடம், கர்நாடகத்து ஆனேக்கல்காரர், பேச்சில் கன்னடம் கலந்து வரும். வெள்ளிக்கிழமை காலை பாட்டிலோடு போய், உள்ளே போகாமல், பார்ட் கொடுக்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

“உள்ள வாங்க சார்.”

“வேண்டாம் மேடம். உங்க லேபும் கெட்டுடும்.”

“என்ன ஸ்மெல் சார் இது?”

“வேப்பெண்ணெய்.”

அவர் பாட்டிலைத் திறந்து பார்த்தார், டேப்பைத் தூக்கிப் பார்த்தார், சிரித்தார். “அய்யோ ராமா. இது பாரிவாளத்துப் பேன் அல்வா? புறாப்பேன்தானே? எங்க தம்பி ரேஸ் புறா வளக்கறான் சார். மொட்டை மாடி பூரா புறா. நான் இதைக் கையில பிடிச்சே வளந்தவ.”

“உங்களுக்கு அரிக்கலியா?”

“இது எதுக்கு நம்மகிட்ட இருக்கும்? உள்ள வந்து பாருங்க.”

எங்கள் புரொஃபைல் புரொஜெக்டர் ஒரு சின்ன பார்ட்டின் நிழலைப் பல மடங்கு பெரிதாக்கித் திரையில் காட்டும். ஸ்க்ரூவின் மரை சரியா என்று பார்க்கும் மெஷின். அதில் பேனை வைத்தார். திரையில் என் உள்ளங்கை நீளத்துக்கு அது எழுந்து நின்றபோது நான் கதவுப் பக்கம் இரண்டடி நகர்ந்ததை இங்கே மறைக்க விரும்பவில்லை.

“செத்துப்போச்சு சார். பயப்படாதீங்க.”

பிறகு ரபீக்கை அனுப்பி, தண்டவாளத்தடியில் புதிதாக விழுந்த இறகுகளைக் கொண்டுவரச் சொன்னார். ஒன்றில் உயிரோடு ஒரு பேன் இருந்தது. சிறகின் நீளமான இறகு அது. நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் சீப்புப்பல் போல இழைகள் வரிசையாகப் போகும். அதை லென்ஸின் கீழ் வைத்து, மெல்லிய பிரஷ்ஷால் பேனைத் தொட்டார். அது ஓடிப்போய் இரண்டு இழைகளுக்கு நடுவிலிருந்த பள்ளத்தில் நீளவாக்கில் படுத்தது. அவ்வளவுதான், காணோம். அங்கே இருக்கிறது என்று தெரிந்தும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

“மேடம்… கிளியரன்ஸ் ஃபிட்!” என்றேன். துளைக்குள் தண்டு உரசாமல் அடங்குவதற்கு எங்கள் ஷாப்பில் அதுதான் பெயர்; பயத்தை மறந்து நான் சொன்ன முதல் வார்த்தையும் அதுதான்.

“ஹௌது, ஆமா சார். புறா அலகால கோதும்போது இது வெளிய நீட்டிட்டு இருந்தா மாட்டிக்கும். குண்டா பொறந்தது பள்ளத்துல அடங்காது, அலகுல நசுங்கும். அடங்கினதுதான் முட்டை போடும். பெரிய புறா ஜாதில பேனும் பெரிசு, சின்ன ஜாதில சின்னது.”

“அப்போ புறாவுக்குத் தோல்விதானா?”

“அதெப்படி விடும்? மேல் அலகு நுனியப் பாத்திருக்கீங்களா? கீழ் அலகைத் தாண்டி துளியூண்டு வளைஞ்சு நிக்கும். பேனை நசுக்கறது அதுதான். எங்க தம்பிகிட்ட ஒரு புறாவுக்கு அந்த நுனி உடைஞ்சுது. கொஞ்ச நாள்ல அதுமேல பூரா பேன்தான். நுனி ரொம்ப நீளமானாலும் கஷ்டம், உடைஞ்சிடும். வெள்ளைப் பறவைல வெளுத்த பேன், கறுத்த பறவைல கறுத்த பேன். கண்ணுக்குத் தப்பணுமே! தலைல இருக்கற பேனுக்கு மட்டும் அந்தக் கவலை இல்ல. தன் தலைய எந்தப் பறவையும் பாக்காது, அலகும் எட்டாது.”

எத்தனையோ வருஷம் ஷாஃப்ட்டையும் புஷ்ஷையும் பொருத்திப் பார்த்தவன் நான். ஒன்றைத் திருத்தினால் மற்றதையும் திருத்த வேண்டும். அதற்கு டிசைன் ஆபீஸில் மீட்டிங், புது டிராயிங், இரண்டு பக்கமும் கையெழுத்து. இங்கே புறாவின் அலகு, அளவு பார்க்கும் கேஜ் மாதிரி பேனைச் சோதித்து ரிஜெக்ட் செய்கிறது. தப்பிய பேன்களின் சந்ததி இன்னும் மெலிகிறது. மெலிந்த பேனைப் பிடிக்கத் தெரிந்த அலகுள்ள புறா நன்றாக வாழ்ந்து குஞ்சு பொரிக்கிறது. பேன்தான் அலகுக்கு டிராயிங் போட்டது, அலகுதான் பேனுக்கு டிராயிங் போட்டது. இரண்டுக்கும் மற்றதின்மேல் பிரியம் கிடையாது. மனிதன் ஸ்பேனர் பிடிப்பதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே, மீட்டிங் போடாமல் இந்த வேலை நடக்கிறது. எங்கள் கம்பெனியில் இவ்வளவு நெருக்கமான ஃபிட்டை நான் பார்த்ததில்லை.

“இவ்ளோ கச்சிதமா இறகுக்குன்னே செஞ்சது சார். இறகைத்தான் தின்னும். பறவையை விட்டா கொஞ்ச நாள்ல செத்துடும். உங்க தலை அதுக்குப் பாலைவனம்” என்றார் மேடம்.

“எல்லார் தலையும் அப்படித்தான். எங்க அண்ணனுது கூடுதலா” என்றான் ரபீக்.

“அப்புறம் ஏன் மேடம் அரிக்குது?”

அதுதான் சரியான கேள்வி என்பதுபோல் தலையாட்டினார். “கூட்டுல மைட்டுன்னு கடிக்கற பொடிப் பூச்சியும் இருக்கும். ஆனா கடிச்ச தடிப்பு எதுவும் உங்க கைல காணோம்.” புதிய டேப்பை எடுத்து என் முழங்கையில் ஒட்டி உரித்து லென்ஸின் கீழ் வைத்தார். திரையில் கால் இல்லை, தலை இல்லை. நேர்நேரான பளபளக்கும் குச்சிகள்தான் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கிளாஸ் வூல். கூரைத் தகட்டின் அடியில் சூடு இறங்காமலிருக்க வைத்த கண்ணாடி இழைப் பஞ்சு, தோலில் குத்தினால் அரிக்கும். புறாக்கள் அதன் ஃபாயிலைக் கிழித்துவிட்டு அந்தச் சந்தில் கூடு கட்டியிருக்கின்றன. நான் அதற்குள் முழங்கைவரை கைவிட்டிருக்கிறேன். அதைத் தொடுவதற்கு முன் கிளவுஸும் முழுக்கைச் சட்டையும் போடச் சொல்லி, வருஷாவருஷம் புதுப் பையன்களுக்குப் பாடம் நடத்துபவனும் நான்தான்.

கடைசியாக

மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பயத்தை மறைக்க வேண்டாம், அது வரும். ஆனால் பயத்தில் யாருக்காவது போன் செய்யும் முன், பயப்படுத்திய பொருளை ஒருமுறை லென்ஸின் கீழ் வையுங்கள். பெரும்பாலும் அது உங்களைக் கண்டுகொள்ளாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வேலையும் உங்கள் வேலையைவிட நேர்த்தியாக இருக்கும்.

மல்லிகா என் போனை எடுக்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை விடிகாலை பஸ்ஸில் ஓசூரிலிருந்து கிளம்பி, கிருஷ்ணகிரியில் மாறி, பர்கூரில் இறங்கினேன். பந்தலில் அவளுடைய நாத்தனார் கணவர் வேட்டியை மடித்துக்கொண்டு மணையில் உட்காரத் தயாராக இருந்தார். மல்லிகா என்னைப் பார்த்தாள். அவரிடம், “அண்ணா வந்துட்டாருங்க” என்றாள். அவர் எழுந்துகொண்டார். நான் உட்கார்ந்தேன். மொட்டைத் தலையோடு குழந்தையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஆசாரி வலது காதைக் குத்தினார், பிறகு இடது காதை. இரண்டு தடவையும் அவன் அழுதான், நான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.