தீவில் தண்ணீர் வருமா?

படுக்கையின் மேல் பூவிதழ்களால் இதயம் வரைந்திருந்தார்கள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கடல் பாதி பச்சையாகவும் பாதி நீலமாகவும் கிடந்தது. வாஷர் இரண்டையும் பார்க்கவில்லை. ஃபோனைக் கண்ணுக்கு அருகே கொண்டுவந்து, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, இதயத்தைத் தாண்டி, மெத்தையைத் தாண்டி, பாதி திறந்திருந்த குளியலறைக் கதவின் இடுக்கு வரைக்கும் நகர்த்தினார். அங்கே ஒரு குழாயின் மூக்கு மட்டும் தெரிந்தது.

"பாரு, குழாய்க்குக் கீழ சுவர்ல கறை. ஒழுகுது," என்றார்.

"அது நிழல்," என்றார் மனைவி.

"நிழலுக்கு எங்கயாவது ஓரத்துல பழுப்பு ஏறுமா?"

மனைவி எட்டிப் பார்த்தார். கறையா நிழலா என்று அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க வீட்டில் இதே கதைதான். தெளிவாக இருப்பதைக்கூட வாஷர் பெரிதாக்கிக் காட்டியதும் கலங்கிப் போனது.

அவர் குழாய் வேலை செய்கிறவர். இருபத்தேழு வருட அனுபவம். சட்டைப் பையில் எப்போதும் ஐந்தாறு ரப்பர் வாஷர்கள் கிடக்கும்; அதனால் தெருவில் அந்தப் பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரரே கொஞ்சம் யோசிப்பார். மனைவி மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவர். துணி துவைக்கும் முன் பையிலிருந்து வாஷர்களைப் பொறுக்கி, மாத்திரை எண்ணுகிற கைப்பழக்கத்தில் இரண்டிரண்டாகத் தள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்பார்.

எந்த வீட்டுக்குப் போனாலும் வாஷர் முதலில் கை கழுவப் போவார். கை அழுக்காக இருக்க வேண்டும் என்பதில்லை. குழாயைத் திறந்து, விழுகிற சத்தத்தைக் கேட்டு, மூடி, மூடிய பிறகு எத்தனை சொட்டு விழுகிறது என்று பார்த்துவிட்டு வந்துதான் நாற்காலியில் உட்காருவார். ஒருமுறை ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சொந்தக்காரரைப் பார்க்கப் போனவர், நலம் விசாரிப்பதற்கு முன்னால் கழிவறைத் தொட்டியின் மூடியைக் கழற்றிவிட்டார். "திறந்து பாத்தாத்தானே தெரியும்" என்பது அவர் வாயில் ஓயாமல் இருக்கிற பேச்சு. வாடகைக்கு வீடு தேடுகிறவர்கள் அவரையும் கூட்டிக்கொண்டு போவார்கள். ஐந்து நிமிடத்தில் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடுவார். சொன்னது தப்பியதில்லை.

அப்படிப்பட்டவர்தான் அந்த வாரம் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தார்.

மகள் வேறொரு நாட்டில் பல் மருத்துவமனை ஒன்றில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்கிற ஒருவனைக் கட்டிக்கொள்ளப் போவதாக எட்டு மாதத்துக்கு முன் சொன்னாள். வாஷர் "ம்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அதே "ம்" தான். அது சரி என்பதா, முடியாது என்பதா, பார்க்கலாம் என்பதா என்று மகளுக்குப் புரியவில்லை, மனைவிக்கும் புரியவில்லை. உள்ளதைச் சொன்னால் வாஷருக்கே தெரியவில்லை. பையன் மேல் குறை ஒன்றும் இல்லை. குறை சொல்லும் அளவுக்குக்கூட அவனைத் தெரியாது, அவ்வளவுதான்.

"திறந்து பாக்கறதுக்கு அந்தப் பையன் என்ன குழாயா?" என்று மனைவி ஒருநாள் கேட்டுவிட்டார்.

அதற்கும் "ம்".

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். பையன் வீட்டார் இருப்பது மூன்றாவதாக இன்னொரு நாட்டில். "ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிறது கடல்தான்பா. அதனால கடல் நடுவுலயே கல்யாணத்த வச்சிக்கலாம்னு இருக்கோம்," என்றாள். தீவுகளில் மூன்று ரிசார்ட்டுகளைப் பார்த்து வைத்திருந்தாள். மூன்றிலும் நாற்பது பேர் தங்கலாம். மூன்றும் அந்தத் தேதியை வெள்ளிக்கிழமை மதியம் வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தன. துணிமணி அம்மாவின் பொறுப்பு, சாப்பாடு பையன் வீட்டாரின் பொறுப்பு. "இடம் மட்டும் நீங்கதான்பா சொல்லணும். நீங்க எதைச் சொல்றீங்களோ அதுதான். வெள்ளிக்கிழமை பன்னெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா உங்களுக்கு இஷ்டமில்லைன்னு எடுத்துக்கறேன். கோபமெல்லாம் இல்லப்பா. இங்கயே ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ரெண்டு ஃப்ரெண்ட்ஸ வச்சுக் கையெழுத்துப் போட்டுக்கறோம். யாரும் எங்கயும் அலைய வேண்டாம்."

அதாவது, அவர் வாயைத் திறக்காவிட்டால் மகளின் கல்யாணத்தை அவர் பார்க்கப் போவதில்லை.

வாஷர் அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து, ரிசார்ட்டுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து, நான்கு கேள்விகளை எழுதினார். தொட்டி எங்கே இருக்கிறது, மோட்டார் எத்தனை, ஒரே நேரத்தில் எத்தனை பேர் குளிக்கலாம், கழிவு எங்கே போகிறது. பூ, விளக்கு, கடற்கரைப் பாட்டு, சூரியன் மறைகிற நேரம் என்று மகள் நீளமாக ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். அதில் இந்த நான்கும் இல்லாதது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. கல்யாணத்தன்று காலையில் நாற்பது பேரும் ஒரே நேரத்தில்தானே குளிப்பார்கள்? படித்த பிள்ளைகள் இதை யோசிக்க மாட்டார்களா?

முதல் ரிசார்ட், கடலுக்குள் கால் ஊன்றி நிற்கிற மரவீடுகள். திங்கட்கிழமை அங்கே பேசினார். எடுத்த பெண்ணின் குரல் தேனாக இருந்தது.

"கழிவுக் குழாய் எந்தப் பக்கமாப் போகுதும்மா?"

"வீட்டுக்குள்ள இருந்தே கடல் ஆமை பாக்கலாம் சார்."

"அது இருக்கட்டும். கழிவு எங்க போகுது?"

"காலைல ஆறு மணிக்கு நிறைய ஆமை வரும் சார்."

நோட்டில் கழிவு என்ற கேள்விக்கு எதிரே "ஆமை" என்று எழுதிக்கொண்டார். கிடைத்த பதிலைத்தானே எழுத முடியும்? ஆனால் சாப்பிட உட்கார்ந்தபோதும் அது அவரை விடவில்லை. "ஆறு மணிங்கறது எல்லாரும் பாத்ரூம் போற நேரம். கரெக்டா அந்த நேரத்துக்கு ஆமை ஏன் வருது?" என்றார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

இரண்டாவது, மலைச்சரிவில் இருந்த பெரிய ரிசார்ட். ஒவ்வொரு அறைக்கும் ஒரு குட்டி நீச்சல் குளம். மேலே இருக்கிற அறைக்குத் தண்ணீர் எப்படி ஏறுகிறது என்று செவ்வாய்க்கிழமை கேட்டார். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் மற்றொருவரிடம் கொடுத்தார், நடுவில் பதினோரு நிமிடம் பியானோ வாசித்தார்கள். கடைசியில் ஒரு கனத்த குரல் வந்தது. "எங்க கெஸ்ட் யாரும் இதுவரைக்கும் இதக் கேட்டதே இல்ல சார்."

"யாரும் கேக்கலேன்னுதான் நான் கேக்கறேன்."

மறுபடியும் பியானோ. வாஷர் அதையும் எழுதிக்கொண்டார்.

மூன்றாவது சின்னது, பழையது. தென்னைகளுக்கு நடுவே இருபது ஓட்டு வீடுகள். புதன்கிழமை அங்கே ஃபோனை எடுத்தவர் முதல் கேள்வியிலேயே, "இருங்க, அவரையே குடுத்திடறேன்" என்று தப்பித்துக்கொண்டார். அடுத்து வந்த குரலுக்கு மூச்சு வாங்கியது.

"யாருங்க? சீக்கிரம் சொல்லுங்க, மோட்டார் ரூம்ல நிக்கறேன்."

வாஷர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரே நேரத்துல எத்தன பேர் குளிக்கலாம்?"

"நீங்கதான் காலைல கம்ப்ளெயின்ட் குடுத்தவரா?"

"இல்லைங்க. பொண்ணுக்குக் கல்யாணம். உங்க எடத்துல வைக்கலாமான்னு பாக்கறேன்."

அந்தப் பக்கம் ஏதோ இரும்பைக் கீழே வைக்கிற சத்தம். "அண்ணே, பொண்ணப் பெத்தவர்கிட்ட பொய் சொல்லக் கூடாது. நாலு பேரு குளிக்கலாம். அஞ்சாவது ஆளு சோப்போட நிப்பாரு."

"அப்போ வேண்டாங்கறீங்க."

"நான் எங்க அப்படிச் சொன்னேன்? கடல் அருமையா இருக்கும்ணே. தண்ணிதான் வராது."

இதற்குப் பிறகு வாஷரும் மோட்டார் ரூமில் நின்ற அந்தத் தோப்புக்காரரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். ரிசார்ட்டில் இரண்டு முறை மோட்டாரை மாற்றிவிட்டார்களாம், பலன் இல்லையாம். வாஷர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "மோட்டார் நின்னதும் தண்ணி பின்னால இறங்குற சத்தம் கேக்குதா?"

"களகளன்னு கேக்குதே."

"அப்போ மோட்டார் மேல தப்பில்ல. அடியில கிடக்கிற ஃபுட் வால்வு போயிருக்கு. ஏத்தின தண்ணியப் பிடிச்சு வைக்க ஆளில்ல, அதான் கீழயே ஓடுது."

வியாழக்கிழமை படகில் புது வால்வு வந்தது. மதியம் தோப்புக்காரர் கூப்பிட்டார். இருபது வீட்டு ஷவரையும் ஒன்றாகத் திறந்துவிட்டாராம். மேனேஜரே சட்டையோடு நின்று நனைந்து பார்த்தாராம். சாயங்காலம் அந்த மேனேஜரிடமிருந்து மரியாதையான கடிதம் ஒன்று ஃபோனுக்கு வந்தது. இருபது வீடுகளின் குழாய் வேலையையும் ஐயா அவர்களே எடுத்துச் செய்து தர வேண்டும், எப்போது வர முடியும் என்று கேட்டிருந்தார்.

மனைவியின் தம்பி டாக்ஸி ஓட்டுகிறவர். போகிற வழியில் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர், அந்தக் கடிதத்தை நின்றபடியே உரக்கப் படித்தார். "பொண்ணு கல்யாணத்துக்கு எடம் பாக்கச் சொன்னா, போய் வேலைக்குச் சேந்துட்டு வந்திருக்கீங்களே அத்தான்."

"சேரல மச்சான். கேட்டிருக்காங்க."

"சரி, எந்த எடம்னு முடிவு பண்ணீங்க?"

வாஷர் நோட்டைப் பார்த்தார். ஒரு பக்கத்தில் ஆமை, ஒரு பக்கத்தில் பியானோ. மூன்றாவது பக்கத்தில் வேண்டாம் என்று எழுதி அடித்து, சரி என்று எழுதி அதையும் அடித்து, இரண்டுக்கும் மேலே ஒரு கேள்விக்குறி. "நானே சரி பண்ண வச்ச எடத்த நானே நல்லா இருக்குன்னு சொன்னா, அது சரியா வருமா?"

"எனக்குத் தலை சுத்துது. ஆமை உள்ள எடத்துக்கே போங்க, பாவம், அதுங்க காலைல ஆறு மணிக்கே வந்து காத்திருக்குதுங்க," என்று சொல்லிவிட்டு மச்சான் கிளம்பினார்.

மனைவி சிரிக்கவில்லை. "மூணும் வேண்டாம்னு சொல்ல வழி தேடறீங்களா?" என்றார்.

வாஷர் வாயைத் திறந்தார். அந்த நான்கு நாளும் மகளுக்காகத்தான் ஓடியதாக அவர் நினைத்திருந்தார். இப்போது மனைவி கேட்டதும், ஓடியது எந்தப் பக்கம் என்றே சந்தேகம் வந்துவிட்டது. எட்டு மாதத்தில் முதல்முறையாக "ம்" கூட வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வேலைக்குப் போகவில்லை. சமையலறை மேசையில் நோட்டையும் ஃபோனையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவியும் லீவு போட்டுவிட்டு, கழுவிய பாத்திரங்களையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். பதினொன்றரைக்குத் தோப்புக்காரர் கூப்பிட்டார்.

"அண்ணே, நீங்க வருவீங்களா மாட்டீங்களான்னு எனக்குத் தெரியாது. கல்யாண ஜோடிக்குக் குடுக்கிற வீட்டுல ஷவர மாத்திட்டு நிக்கறேன். போன மாசம் வந்த புது மாப்பிள்ளை முழங்கால மடக்கித்தான் குளிச்சாரு. எவ்வளவு உயரத்துல வைக்கட்டும்?"

பழக்கமான கேள்விதான். ஆயிரம் ஷவர் மாட்டியிருப்பார். வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தால் போதும், சுவரில் கை தானாகப் போய் நிற்கும். இப்போது கை எங்கேயும் போகவில்லை. "இருங்க, சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது மகள் திரையில் வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அம்மா எல்லாத்தையும் சொன்னாங்கப்பா. ஆமை, பியானோ, வால்வு எல்லாம். வேண்டாம்னு சொல்ல முடியாமத்தானே தண்ணியப் பத்தியே பேசிட்டிருக்கீங்க? நேரா சொல்லிடுங்க. நான் தாங்கிக்குவேன்."

"அந்தப் பையன் இருக்கானா?"

"பக்கத்துலதான் இருக்காரு."

"குடு."

திரை ஆடியது, கூரையைக் காட்டியது, பிறகு அவன் முகம் வந்தது. இந்த எட்டு மாதமும் அவனை அவர் இப்படித்தான் பார்த்திருக்கிறார்: நாற்காலியில் உட்கார்ந்தபடி, தோள் வரைக்கும். அதற்குக் கீழே அவன் எப்படி என்று தெரியாது.

"சொல்லுங்க மாமா," என்றான்.

"எழுந்து நில்லுங்க தம்பி."

அவன் எழுந்தான். திரையில் முகம் மேலே போய் மறைந்தது, சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ஏறின, பெல்ட் வந்தது. "நின்னுட்டேன் மாமா," என்று மேலேயிருந்து சத்தம் மட்டும் வந்தது.

"எவ்வளவு உயரம்?"

"ஆறடி ஒரு இன்ச் மாமா."

"செருப்போடயா, இல்லாமலா?"

"செருப்பு இல்லாம."

வாஷர் ஃபோனைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தார். வேலைப் பையைத் திறந்து அளவு டேப்பையும் பென்சிலையும் எடுத்தார். சமையலறைச் சுவருக்கு வெள்ளை அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மனைவியே வந்து, டேப்பின் நுனியைக் கால் கட்டைவிரலால் தரையோடு சேர்த்து மிதித்துக்கொண்டார்.

"அப்பா? என்ன பண்றீங்க?" என்றாள் மகள்.

"மூணாவது எடம்தான்," என்றார் பென்சிலைப் பல்லில் கடித்தபடி. "ஷவர இன்னும் ஏத்தி வைக்கச் சொல்லணும்."

ஆறடி ஒரு இன்ச்சில் ஒரு கோடு போட்டார். சுவரில் முதுகை ஒட்டி, கோட்டுக்குக் கீழே போய் நின்றார். தலைக்கு மேலே ஒரு சாணுக்கு அதிகமாகவே இடம் இருந்தது. திரும்பி அதை அண்ணாந்து பார்த்தார். பிறகு குதிகாலைத் தூக்கி, கையை எட்டும் மட்டும் நீட்டி, அந்தக் கோட்டுக்கும் மேலே, தண்ணீர் விழ வேண்டிய இடத்தில் இன்னொரு கோடு போட்டார்.