உம்மா வெட்டிய ஜன்னல்

உரம் வந்த சாக்கு, எங்கள் பேச்சில் "உரபேக்", நனைந்து வெயிலில் காயும்போது எழும் யூரியா வாடை மூக்கில் ஏறினால் கண் கரிக்கும். அந்த வாடை இன்றைக்கும் எங்காவது அடித்தால் எனக்கு வயல்வெளி நினைவுக்கு வருவதில்லை. எங்கள் வளவு நிறையப் பெண்கள் குந்தியிருந்து, சாக்கூசியால் கூடாரம் தைத்த அந்த மாரிகாலம்தான் வருகிறது. எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது.

பதுளைப் பக்கம் மலை சரிந்துவிட்டதென்று காலையில் வானொலி சொன்னது. அங்கேதான் வாப்பாவின் தங்கை, என் மாமி, இருந்தாள். எங்கள் ஊர் வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆனால் மாமிக்கென்று கட்டிய வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டதால், மலைநாட்டில் கடை வைத்திருந்த புருஷனோடு அவள் போகவேண்டியதாயிற்று. போனவள் அந்த மாதம்தான் பிள்ளை பெற்றிருந்தாள். வாப்பா விடாமல் அழைத்தும் அவளுடைய தொலைபேசி எடுபடவில்லை. கடைசியில் யாருடையதோ தொலைபேசியிலிருந்து அவளே கதைத்தாள். மாமியும் மாமாவும் பிள்ளையும் உயிரோடு இருக்கிறார்கள், வீடு மண்ணுக்குள், தங்கப் போன பள்ளிக்கூடத்தில் கால்வைக்க இடமில்லை, தலைக்கு மேலே ஒன்றுமில்லை, மழை விடவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பள்ளிவாசல் தலைவர் ஒலிபெருக்கியில் நீளமாக ஒன்றும் பேசவில்லை. "தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும். நமக்கு வந்திச்சி. நமக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னார். பள்ளி வாசலில் விரித்த சாறனில் தாள்களும் சில்லறையும், எந்தப் பிள்ளையின் காதிலிருந்தோ கழற்றிய தோடும் விழுந்தன. கடலுக்குப் போனவர்கள் அன்றைய மீனை விற்றுக் கொடுத்தார்கள். ஆனால் காசு சேர்ந்ததே தவிர, வாங்குவதற்கு எந்தக் கடையிலும் கூடாரம் இருக்கவில்லை. அதனால் வயல்காரர்கள் நெல் காயவைக்கும் "படங்கு" விரிப்புகளைக் கூரைக்கென்று கொண்டுவந்தார்கள், சுவருக்கு உரபேக்குகள் வந்தன, மீனவர்கள் தைப்பதற்குத் "தங்கூசி" நூலைக் கட்டுக்கட்டாகக் கொடுத்தார்கள். சேர்ந்த காசு கயிற்றுக்கும் கம்புக்கும் லொறிக்கும் போயிற்று.

உம்மா கத்தரிக்கோலை எடுத்ததும் அப்போதுதான். நான் பிறப்பதற்கு முன், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருஷம், ஊரே கூடாரங்களில் கிடந்தபோது, பிறந்து நாற்பது நாள்கூட முடியாத என் காக்கா, என் மூத்த அண்ணன், அந்த வெக்கையில் காய்ச்சல் கண்டு மவுத்தாகிவிட்டார். காற்றுப் புக ஒரு துவாரம் இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருக்கும் என்று உம்மா அன்றிலிருந்து நம்பினாள். தைத்து முடிந்த ஒவ்வொரு கூடாரத்திலும் ஒரு முழ அகலத்துக்கு ஜன்னல் வெட்டினாள். ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை. கேட்பதற்கு அங்கிருந்த ஒவ்வொருத்தியும் அந்த வெக்கையில் வெந்தவள்தானே. மார்கழிக் கடற்காற்றுக்கே காதைச் சுற்றித் துவாய் கட்டுகிற சனம் நாங்கள், மலைக்குளிரை எங்கே கண்டோம்?

லொறியோடு போன வாப்பா திரும்பி வந்தபோது, அவர் செருப்பைக் கழற்றும் முன்பே உம்மா மாமியின் பிள்ளையைப் பற்றிக் கேட்டாள்.

"இருக்கு" என்றார் வாப்பா. "உன்ட ஜன்னலுக்கு அவ முதுகக் குடுத்துக்கிட்டு இருக்கா. குளிர் புள்ளையில படாம."

உம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. வெட்டி எடுத்த துண்டுகளை அடுப்படி மூலையில் அடுக்கி வைத்திருந்தாள். அத்தனையையும் அள்ளிக் கட்டிக்கொண்டு, மறுபடி லொறி போகுமா என்று பள்ளித் தலைவர் வீட்டுக்கு ஓடினாள். லொறிக்காரனுக்குக் கொடுக்க இனி ஊரில் ஒன்றும் இல்லை என்று அவர் தலையைக் குனிந்துகொண்டார். மறுநாள் விடிந்ததும் மூட்டையையும் சாக்கூசியையும் என்னையும் இழுத்துக்கொண்டு உம்மா பஸ் ஏறினாள்.

மலையில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் பல் கிட்டிப்போயிற்று. சரிவின் கீழே எங்கள் கூடாரங்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு சாறன், ஒரு தலையணை, நனைந்த ஒரு பாடசாலைப் பை என்று திணித்திருந்தார்கள். உம்மா ஒன்றையும் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சேற்றில் முழங்காலிட்டு, திணித்ததை உருவி, வெட்டிய துண்டை வைத்துத் தைக்கத் தொடங்கினாள். அழுதுகொண்டேதான் தைத்தாள். மொழி தெரியாத சிங்களப் பெண்ணொருத்தி வந்து துண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

மாமியின் கூடாரம் கடைசியில் இருந்தது, அதன் ஜன்னலில் திணிக்க அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. உள்ளே பிள்ளையை மடியில் வைத்தபடி ஜன்னலோடு சாய்ந்திருந்த மாமியின் முதுகு வெளியிலிருந்தே தெரிந்தது. சட்டை ஈரமாய் ஒட்டியிருந்தது. உம்மா அந்த முதுகைத் தொட்டு, "தள்ளு புள்ள, நான் மூடிர்றன்" என்றாள்.

மாமி நகர்ந்தாள். மூன்று பக்கமும் தைத்தாயிற்று. நாலாவது பக்கத்தில் ஊசி பாதியில் இருக்கும்போது, உள்ளிருந்து மாமியின் விரல்கள் வந்து துண்டைப் பிடித்துக்கொண்டன.

"முழுக்க மூடிராதீங்க மதினி. ஒரு கையளவு விடுங்க. மலை வாறத்தக் கண்டாத்தான் புள்ளயத் தூக்கிட்டு ஓடேலும்."

உம்மா சரிவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு நூலை அந்த இடத்திலேயே முடிச்சுப் போட்டுப் பல்லால் கடித்து அறுத்தாள்.

அந்தச் சரிவில் இப்போது யாரும் இல்லை. மாமியின் குடும்பத்துக்கு வேறிடத்தில் வீடு கிடைத்துவிட்டது, பிள்ளையும் வளர்ந்துவிட்டான். இப்போதெல்லாம் எங்காவது வெள்ளம் என்றால் கைத்தொலைபேசியில் செய்தி வருகிறது, வங்கிக்குக் காசு போகிறது, மடித்துக் கட்டிய கூடாரம் கடையிலிருந்து நேரே போகிறது. அடுத்தவர் குளிரைத் தெரியாமல் வளவில் குந்தியிருந்து உரபேக் தைப்பதற்கு ஆளில்லை, தேவையுமில்லை.

எங்கள் வீடு கல்வீடு. போன மாரியில் சாரல் அடித்து அறை முழுக்க ஈரமாகிவிட்டதென்று, கடல் பக்கத்து ஜன்னலை இழுத்துச் சாத்தப் போனேன். உம்மா கட்டிலில் படுத்தபடியே கையை நீட்டித் தடுத்தாள்.

"ஒரு கையளவு விடு புள்ள" என்றாள்.