சின்ன கம்ப்ரசருக்குப் பெரிய கன்

போன வாரம் இந்த இடத்தில் என் எழுத்துக்குப் பதிலாக ஒரு புடவைக் கடை விளம்பரம் வந்திருந்தது. சில பேர் அக்கறையாக விசாரித்தீர்கள். உடம்புக்கு என்ன, ஊருக்குப் போயிருந்தீர்களா என்று.

உடம்புக்கு ஒன்றும் இல்லை. ஊருக்கும் போகவில்லை. பயந்து போய்க் கிடந்தேன். அவ்வளவுதான்.

எனக்குப் பயம் ஜாஸ்தி என்பது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. லிஃப்ட்டில் தனியாக ஏற மாட்டேன். குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும்போது சமையலறையில் இருக்க மாட்டேன். வாசலில் கொரியர்காரர் பெல் அடித்தால்கூட ஒரு நிமிஷம் நெஞ்சு திக்கென்கும். ஆனால் இதெல்லாம் சில்லறைப் பயங்கள். போன வாரம் பட்டது வேறு ரகம்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் வீடு ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகிற ரோட்டில், ஊர் முடிகிற இடத்தில் ஒரு லேஅவுட்டில் இருக்கிறது. மேலே வீடு, கீழே கார் ஷெட். கார்தான் இல்லை. என் வீட்டுக்காரர் மதுரைப் பக்கத்து மனுஷர். வேலைக்காக இங்கே வந்து, ஒரு வண்டி ஃபேக்டரியின் பெயின்ட் ஷாப்பிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர். இந்த வருஷம் வி.ஆர்.எஸ். வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வந்த மறுநாளே வீட்டுக் கேட்டுக்கு பெயின்ட் அடித்தார். அதற்கு அடுத்த நாள் என் பீரோவுக்கு அடித்தார். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்கு வராது.

"கீழ ஷெட்டு சும்மாதானே கிடக்கு. பைக் டேங்க், பம்பர், கார் கதவுன்னு சின்னச் சின்ன வேலையா எடுத்துச் செய்யலாம்" என்றார்.

நல்ல யோசனைதானே? நானும் தலையை ஆட்டினேன்.

கல்லாவியில் ஒரு பஞ்சர் கடையை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து ஒரு பழைய கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு வந்தார். டயருக்குக் காற்றடிக்க வைத்திருந்தது. சின்ன மோட்டார், அதற்குக் கீழே காற்றைத் தேக்கி வைக்க ஒரு சின்ன டேங்க். மேலே நீலப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. உள்ளே எப்படி இருந்தது என்று யார் பார்த்தது?

அடுத்தது ஸ்ப்ரே கன். அதாவது, பெயின்ட்டைக் காற்றோடு கலந்து தூவுகிற துப்பாக்கி. வாங்கப் போனபோது நானும் கூடப் போனேன்.

கடைக்காரர் போனில் தெலுங்கில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு எங்களிடம் தமிழுக்கு மாறினார். "சொல்லுங்க சார். கம்ப்ரசர் எது வச்சிருக்கீங்க?"

"கம்ப்ரசரெல்லாம் இருக்கு. நீங்க கன்னைக் காட்டுங்க."

"அது இல்ல சார். சின்னதுன்னா அதுக்குத் தகுந்த மாதிரி கொடுப்பேன். இது பாருங்க, காத்து கம்மியா எடுக்கும். விலையும் கம்மி. பைக் டேங்க், பம்பருக்கெல்லாம் தாராளம்."

வீட்டுக்காரர் அந்தச் சின்ன கன்னைக் கையிலேயே வாங்கவில்லை. கண்ணாடி அலமாரியில் பெரிதாக ஒன்று தொங்கியது. ஃபேக்டரியில் அவர் பிடித்த அதே வகையாம். "அதை எடுங்க. நான் இதுலயே ஊறுனவன்" என்றார். கடைக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் விலையைப் பார்த்தேன். ரெண்டுமே பிரயோஜனப்படவில்லை.

இந்த இடத்தில் எங்கள் ஊர் மனிதர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஃபேக்டரியில் வேலை பார்த்தவர்களுக்குக் காற்று என்பது சுவரிலிருந்து வரும். குழாயை மாட்டினால் வரும், நாளெல்லாம் வரும். கம்ப்ரசர் எங்கேயோ ஒரு தனிக் கட்டிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும். எட்டிப் பார்த்திருக்கக்கூட மாட்டார்கள். காற்று தீர்ந்துபோகும் என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? பம்பாய்க்காரரிடம் போய்க் கடல் வற்றிவிடும் என்று சொன்னால் நம்புவாரா?

வீட்டில் அது தீர்ந்தது.

முதல் வேலை, பக்கத்து வீட்டு நாராயணப்பாவின் கார் கதவு. கன்னடக்காரர். எங்கள் மேல் பாசம் அதிகம். "அண்ணா, நம்ம வண்டிதான் முதல் போணி" என்று அவரே கொண்டுவந்து ஷெட்டில் நிறுத்தினார். வீட்டுக்காரர் பழைய தகரம் ஒன்றில் அடித்துப் பார்த்தார். ஒரு சாண் தூரம் வெண்ணெய் மாதிரிப் போனது. அதற்கப்புறம் காற்று செத்துப்போய், கன் புளிச் புளிச்சென்று துப்ப ஆரம்பித்தது. தகரம் முழுக்க ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரிப் புள்ளி புள்ளியாக வந்தது. மோட்டார் மூச்சு வாங்கி மறுபடி காற்றை நிரப்பும் வரை கன்னைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது.

"நாளைக்குப் பாத்துக்கலாம் அண்ணா" என்று நாராயணப்பா சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரர் அன்றைக்குச் சாப்பிட்டதும் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஜன்னல் திண்டில் பித்தளையில் சின்னதாக ஒரு சாமான் கிடந்தது. தலையில் ஒரு வளையம்.

"ஏங்க, இது என்னது?"

"அதுவா? கம்ப்ரசர்ல இருந்தது. பிரஷர் கொஞ்சம் ஏறுனா போதும், காத்தை வெளிய விட்டுக்கிட்டே இருந்துச்சு. கழட்டிட்டு போல்ட்டு போட்டு அடைச்சிட்டேன்."

"இதுக்குப் பேரு என்ன?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "சேஃப்டி வால்வு."

"ஏங்க... பேர்லயே சேஃப்டின்னு இருக்கே."

"அதெல்லாம் நீ பயப்படாத. வழக்கமா நிக்கிற இடத்துல மோட்டார் நிக்காம, கூடக் கொஞ்சம் காத்தை ஏத்தி வச்சுக்கிட்டா, ஒரு கதவை மூச்சு விடாம அடிச்சிரலாம். பிரஷர் ஏறுனதும் மோட்டாரை நிறுத்துற சுவிட்சையும் திருகி வச்சிட்டேன். நான் பாக்காத பிரஷரா?"

எனக்கு அப்போதே அது சரியாகப் படவில்லை. ஆனால் குக்கருக்கே ஓடுகிறவள் சொன்னால் எந்த வீட்டில் எடுபடும்? நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டியா" என்பார். பேசாமல் மேலே வந்து போன வாரத்துக்கான பத்தியை எழுத உட்கார்ந்தேன்.

கீழே மோட்டார் ஓடத் தொடங்கியது.

முந்தின நாளெல்லாம் அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்கும், டக்கென்று நிற்கும். அந்த டக்குக்கு என் காது பழகியிருந்தது. அன்றைக்கு அது வரவில்லை. ஒரு வரி எழுதினேன். வரவில்லை. எழுதினதை அடித்தேன். வரவில்லை. மோட்டாரின் குரல் மட்டும் தடித்துக்கொண்டே போனது. மேஜையில் டம்ளர் மெல்ல அதிர்ந்தது.

எழுந்து படியில் இறங்கினேன்.

கம்ப்ரசரின் பிரஷர் காட்டுகிற மீட்டர் படிப்பக்கம் பார்த்து இருந்தது. ஷெட்டுக்குள் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. இறங்குகிறவளுக்குத்தான் தெரியும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி, எண்களே முடிந்துபோன இடத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் மூஞ்சி முழுக்க மாஸ்க் போட்டுக்கொண்டு பெயின்ட்டை வடிகட்டி கன்னில் ஊற்றிக்கொண்டிருந்தார். அதைவிடக் கொடுமை... நாராயணப்பா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அந்த டேங்குக்கு ஒட்டினாற்போலப் போட்டு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நிறுத்துங்க" என்றேன். மோட்டார் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் கையை வீசி, போ போ என்றார்.

மேலே ஓடினேன். ஹாலில் இருக்கிற போர்டில் ஷெட்டுக்குக் கரண்ட் போகிற சுவிட்சை அணைத்தேன். மோட்டார் நின்றது. அப்பாடா என்று பால்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தால் நிலைமை இன்னும் மோசம். வீட்டுக்காரர் கன்னைக் கேட் பக்கம் தொங்கவிட்டுவிட்டு, மோட்டார் ஏன் நின்றது என்று பார்க்க ஸ்பேனரோடு கம்ப்ரசரை நோக்கிப் போகிறார். நாராயணப்பா உதவிக்குக் குனிகிறார். மோட்டார் நின்றால் என்ன, ஏறின காற்று அத்தனையும் அந்த டேங்குக்குள்தானே இருக்கிறது? இரண்டு தலைகள், நடுவில் எந்த நிமிஷமும் வெடிக்கக்கூடிய அந்த நீல டேங்க்.

"வெளிய வாங்க, ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்றேன். "இரும்மா, ஃப்யூஸ் போயிருச்சு போல" என்று பதில் வந்தது.

எனக்கு வேறு ஒன்றும் தோன்றவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"யானை! ரோட்டுல யானை!"

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சானமாவுக் காட்டிலிருந்து யானை இறங்குவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியம். யானை என்று கேட்டால் வேறு ஊரில் ஜனம் உள்ளே ஓடும். எங்கள் ஊரில் வெளியே ஓடும், கையில் போனோடு. வனத்துறைக்காரர்கள் மைக்கில் எத்தனை தரம் சொன்னாலும் இதுதான். நாராயணப்பா டீ டம்ளரோடு ரோட்டுக்குப் பாய்ந்தார். பின்னாலேயே வீட்டுக்காரர், மாஸ்க்கோடு.

நானும் இறங்கி ஓடினேன், வெளிப்படி வழியாக. "ஆனே எல்லி அக்கா?" என்றார் நாராயணப்பா, போனை உயர்த்திப் பிடித்தபடி. எங்கே யானை என்று கேட்கிறார்.

"யானை இல்ல. முள்ளு சிவப்பைத் தாண்டி நிக்குதுங்க. நம்பர் இல்லாத இடத்துல நிக்குது" என்றேன். ரோட்டிலேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்காரர் மாஸ்க்கைக் கழற்றினார். அவர் மூஞ்சியில் ரத்தமே இல்லை. எங்களைக் காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம் தள்ளினார். கன் நல்லவேளையாகக் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. சுவரோடு ஒட்டி நின்று கையை மட்டும் நீட்டி அதை எடுத்தார். குழாய் நீளமாக இருந்தது எங்கள் புண்ணியம். சுவரைப் பார்த்து விசையை அழுத்தினார்.

சின்ன கம்ப்ரசருக்கு ஆகாத அந்தப் பெரிய கன், அன்றைக்குத்தான் எங்களுக்கு ஆனது. அகோரப் பசிக்காரன் மாதிரி டேங்கிலிருந்த காற்றை இழுத்துத் தின்று தீர்த்தது. எங்கள் காம்பவுண்டு சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு நாராயணப்பா காரின் வெள்ளி நிறம். சத்தம் இறங்கி, இறங்கி, ஒருவழியாக அடங்கியது.

அப்புறம் போய் டேங்கின் அடியில் இருக்கிற திருகைத் திறந்தார். செங்கல் நிறத்தில் தண்ணீர் வந்தது. கூடவே துருச் செதில்கள். பஞ்சர் கடையில் யாரும் அதைத் திறந்து தண்ணீர் வடித்ததே இல்லை போல. ஸ்க்ரூ டிரைவரால் டேங்கின் அடிப்பக்கத் தகரத்தை லேசாகக் குத்திப் பார்த்தார். அரிசி மூட்டையில் குத்தூசி இறங்குவதுபோல அது உள்ளே போனது.

"இதுக்கு யானையே வந்திருக்கலாம் அக்கா" என்றார் நாராயணப்பா.

அவர் போனதும் நாங்கள் இரண்டு பேரும் படியில் உட்கார்ந்தோம். நான் கேட்டேன்: "உங்களுக்குப் பயமே இல்லையா? மோட்டார் அந்த மாதிரி உறுமுதே..."

"ஏன் இல்ல? வால்வைக் கழட்டுறப்பவே கை நடுங்குச்சு. ராத்திரி தூங்கவே இல்ல."

"அப்புறம் ஏங்க செஞ்சீங்க?"

"முதல் வேலையே சொதப்பிட்டா இந்தத் தெருவுல அப்புறம் யாரு என்னைக் கூப்பிடுவா? பெயின்ட் ஷாப்புல இருந்தேன்னு சொல்லிட்டு, பக்கத்து வீட்டுக் கதவு ஒண்ணு அடிக்க முடியலன்னா... அந்தப் பயம் இதைவிடப் பெருசா இருந்துச்சு."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உங்கிட்டயா? நீ ஏற்கெனவே எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டிருக்க. வீட்டுல ஒருத்தராவது பயப்படாம இருக்க வேண்டாமா?"

இந்தப் பதில்தான் என்னை ஒரு வாரம் எழுத விடாமல் படுக்கவைத்தது. டேங்க் இல்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து வீட்டில் பயப்படுகிற வேலை முழுவதையும் நானே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பாம்புக்கு நான், இடிக்கு நான், பிள்ளையின் காய்ச்சலுக்கு நான். மனுஷருக்கு மிச்சமே வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் தைரியசாலியாகவே காலம் தள்ளியிருக்கிறார். எத்தனை ராத்திரி என் பக்கத்தில் தூங்குகிற மாதிரி படுத்திருந்தாரோ? உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா? ஒரு தரம் கேட்டுப் பாருங்கள்.

பழைய டேங்க் இரும்புக் கடைக்குப் போய்விட்டது. புது கம்ப்ரசர், அதுவும் சின்னதுதான், வால்வோடு வந்திருக்கிறது. பெரிய கன்னைக் கடைக்காரர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டு, காற்று கம்மியாக எடுக்கிறதைக் கொடுத்தார். நீங்கள் யாராவது வாங்கப் போனால் கவனியுங்கள்: கன்னுக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்று அதன் அட்டைப்பெட்டியில் இருக்கும். கம்ப்ரசர் எவ்வளவு கொடுக்கும் என்று அதன் மேல் ஒட்டியிருக்கும். கொடுப்பதைவிடக் கேட்பது குறைவாக இருக்க வேண்டும். கன் விலை மலிவா என்று பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

நேற்று நாராயணப்பாவின் கதவு முடிந்தது. கண்ணாடி மாதிரி வந்திருக்கிறது. ஆரம்பிக்கும் முன் வீட்டுக்காரர் மேலே வந்து, எழுதிக்கொண்டிருந்த என் பக்கத்தில் நின்றார். "முதல் தடவை ஓட விடப் போறேன். பயமா இருக்கு. கூட வந்து நில்லு" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் பயந்தாங்கொள்ளிகள் இரண்டு பேர். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது தெரியுமா?