லண்டனுக்குச் சொல்லாமல் லொக் லோமண்டுக்கு

கலியாணம் கட்டி இருபத்தாறு வருடங்களில் நானும் சுகந்தியும் கனடாவிலிருந்து ஐந்து தடவை பிரித்தானியா போயிருக்கிறோம். ஐந்தும் கலியாணவீடு அல்லது செத்தவீடு. லண்டனில் எங்களுக்கு ஒன்பது சொந்தக்கார வீடுகள். ஒன்றை விட்டாலும் மனத்தாங்கல். போன வருடம் சுகந்திக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. தேறி எழும்பியதும் அவள் கேட்டது ஒன்றுதான்: ஒரு கிழமை விடுமுறை, ஒரு ஏரிக்கரை, போகவேண்டிய வீடென்று எதுவும் இருக்கக்கூடாது.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்தில் இல்லாத ஏரியா என்று கேட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரிச் சுவரில் தொங்கிய நாட்காட்டியில் ஸ்கொட்லாந்தின் லொக் லோமண்ட் ஏரியைப் பார்த்திருக்கிறாள். அதுதான் வேண்டுமாம்.

ஜூன் நடுப்பகுதியில் போனோம். ரொறன்ரோவிலிருந்து கிளாஸ்கோவுக்கு நேரடி விமானம், ஏறத்தாழ ஏழு மணிநேரம். லண்டன் ஹீத்ரோவில் மாறத் தேவையில்லை என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அங்கே எங்கள் சொந்தத்தில் மூன்று பேர் வேலை செய்கிறார்கள். லண்டனில் இருக்கும் என் அக்காவுக்கும் நாங்கள் சொல்லவில்லை. என்னைக் கனடாவுக்கு அனுப்பி வைத்ததே அவர்தான். அவர் கோபித்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் அவருக்குத் தெரிந்தால் ஒன்பது வீட்டுக்கும் தெரிந்துவிடும்.

விமான நிலையத்தில் கார் எடுத்து முப்பத்தைந்து கிலோமீற்றர் ஓடினால் லஸ் என்ற கிராமம். ஒற்றை அறை வீடுகள் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டதால் இரண்டு அறை வீடொன்று, ஆறு இரவுக்கு 930 பவுண். வாசலிலிருந்து தண்ணீருக்கு நூறு அடிகூட இல்லை. முதல் இரண்டு நாளும் சுகந்தி கரையில் இருந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு அமைதியைப் பார்த்துக் கனகாலம்.

மூன்றாம் நாள் பகல் இரண்டு மணிக்கு, கனடாவில் காலை ஒன்பதுக்கு, அக்கா வீடியோவில் அழைத்தார். பழக்கதோஷத்தில் எடுத்துவிட்டேன்.

"எங்கையடா நிக்கிறாய் தம்பி?"

ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள ஏரிப்பக்கத்தைச் சொன்னேன். "முஸ்கோகாவிலை, அக்கா. இப்பதான் காலமைச் சாப்பாடு."

"பின்னாலை போற போட்டிலை ஸ்கொட்லாந்துக் கொடியெல்லே பறக்குது?"

உண்மையைச் சொல்லிவிட்டேன். அக்கா ஏசவில்லை. கொஞ்ச நேரம் ஏரியையே பார்த்தார்.

"முப்பத்திரண்டு வருசமா இந்த நாட்டிலை இருக்கிறன். உந்தப் பக்கம் ஒருநாளும் வந்ததில்லை. லீவு எடுத்தா ஆராவது வந்து நிப்பினம். சமைக்கவே சரியாப் போயிடும்."

வெட்கமாக இருந்தது. அந்த ஒன்பது வீடுகளில் அதிகம் சாப்பிட்டது அக்கா வீட்டில்தான். ஆனாலும் வாங்கோ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; அது சுகந்தியின் கிழமை. அவளே போனை வாங்கினாள்.

"மச்சாள், ஒரு அறை சும்மா கிடக்குது. நாளைக்கு வாங்கோ. ஆனா சாப்பாடு ஒண்டும் கட்டிக்கொண்டு வரக்கூடாது. இஞ்சை பாணும் சூப்பும்தான்."

லண்டனிலிருந்து கிளாஸ்கோவுக்கு ரயில் நாலரை மணிநேரம். அங்கே வேறு நிலையத்துக்கு நடந்துபோய் ஏறினால் ஐம்பது நிமிடத்தில் ஏரியின் தெற்கு முனையிலுள்ள பலொக். நான் காரில் போய் அக்காவை ஏற்றிவந்தேன். சின்னப் பை ஒன்றுதான்.

போக நினைப்பவர்கள் ஜனவரிக்குள் வீடு பிடியுங்கள், ஒரு அறை கூடுதலாகவே இருக்கட்டும். கனடா கடவுச்சீட்டுக்கும் இப்போது இணையத்தில் முன்அனுமதி எடுக்கவேண்டும். காற்றில்லாத மாலையில் நுளம்பை விடச் சின்னக் கடிபூச்சி மொய்க்கும், முகவலை மறக்கவேண்டாம்.

வந்த அன்று மாலை கரையில் அக்கா இரண்டு தரம், "தேத்தண்ணி போடட்டே?" என்று எழும்பினார். சுகந்தி இரண்டு தரமும் கையைப் பிடித்து இருத்தினாள். பிறகு அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்தார். அப்போது அவருடைய போன் அடித்தது. லண்டனிலிருந்து சொந்தக்காரர் ஒருவர், வீடியோவில்.

அக்கா எங்களைப் பார்த்தார். கமராவை உள்ளங்கையால் இறுக்க மூடினார்.

"நான் வேலையிலை நிக்கிறன், பிறகு எடுக்கிறன்."