கற்பகத்தின் ஸ்ட்ராபெர்ரி கேசரி

எதிர்வீட்டு கற்பகம் மொட்டை மாடியில் ஸ்ட்ராபெர்ரி வளர்ப்பது தெருவுக்கே தெரியும். வெள்ளிமலையிலிருந்து செடி கொண்டு வந்த நாள் முதல் அவள் கால் தரையில் இல்லை. கள்ளக்குறிச்சி வெயிலில் காய்த்ததோ சுண்டைக்காய் அளவு. அதற்குத் திருஷ்டி பொம்மை வேறு!

இன்று அவள் மகளைப் பெண் பார்க்க வடக்கனந்தலிலிருந்து வந்தார்கள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். அந்தப் புளிப்புப் பழத்தைப் பாலில் போட்டுக் கேசரி கிண்டினாள். பால் திரிந்துவிட்டது. மேலே முந்திரியைத் தூவி மறைத்தாள் மகராசி.

“செடி வளத்தது, கேசரி செஞ்சது, எல்லாம் எம்பொண்ணு தாங்க” என்றாள் பெருமையாக.

மாப்பிள்ளையின் அம்மா ஒரு வாய் வைத்தார். முகம் கோணிப் போனது. “இன்னாங்க இது, ஊசிப்போன தக்காளித் தொக்கு மாதிரி கீது?”

கற்பகம் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

பெண் பதறிவிட்டாள். “ஐயோ, நான் செய்யலங்க! அடுப்பாண்டகூட போவல. எல்லாம் எங்கம்மா தான்!”

மாப்பிள்ளையின் அம்மா தட்டைத் தள்ளிவிட்டுச் சிரித்தார். “அப்ப பொண்ண எங்களுக்குப் புடிச்சிருக்குங்க.”

சம்பந்தம் முடிந்தது. “என் கேசரி ராசிய பாத்தியா? கல்யாணத்துக்கும் இதான் ஸ்வீட்டு” என்று கற்பகம் இப்போது தெருவெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

பத்திரிகை வந்தால் போவீர்களா, ஊரிலேயே இல்லை என்பீர்களா?